மட்டக்குளியில் பதினைந்து நாள்

ஸ்காபறோ,
14 செப்ரெம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நானும் நோபேட்டும் பிள்ளையும் சுகமாக வந்து சேர்ந்தோம். மூன்று கிழமையாகியும் உடம்புதான் இங்கே இருக்கிறது. கண்ணை மூடினால் மட்டக்குளியில் நாங்கள் ஊழியம் செய்த தகரக் கொட்டகையும் அந்த அறுபது பிள்ளைகளும்தான் வருகிறார்கள்.

போன ஞாயிறு சபையில் படம் போட்டுக் காட்டினோம். பிள்ளைகள் நாங்கள் கொடுத்த மஞ்சள் ரீசேட்டோடு வரிசையில் நின்று பாடுகிற படம் வந்ததும் முன் வரிசையில் இருந்தவர்கள் அழுதுவிட்டார்கள். நோபேட் பத்து நிமிடம் பேசினார். பிறகு எங்கள் றேச்சல் தானாகவே எழுந்துபோய்ச் சாட்சி சொன்னாள். போன வருடம் ஒரு சோடிச் சப்பாத்துக்காக என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவள் அக்கா! இப்போது சோற்றுக் கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை. அந்தப் பிள்ளைகளின் வறுமையைக்கொண்டு தேவன் என் மகளைத் திருத்திவிட்டார்.

முதல் நாளிலிருந்து அவள் கையை விடாமல் திரிந்தாளே, ஒன்பது வயது இமெல்டா, அவளைப் பற்றித்தான் ஓயாமல் கதைக்கிறாள். இமெல்டாவின் தாய் ஐறீன் கொட்டகைக்குப் பின்னால் இருந்து தன் கதையைச் சொல்ல, நீங்கள் றேச்சலுக்கு இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, இவள் கொப்பியில் எழுதினாள் அல்லவா? அதைக் கட்டுரையாக்கிச் சபைச் சஞ்சிகையில் போட்டிருக்கிறார்கள். 'மட்டக்குளியில் பதினைந்து நாள்' என்று தலைப்பு. முகப்பில் இமெல்டாவும் ஐறீனும் நிற்கிற படம். இருபது பிரதி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இமெல்டா வீட்டுக்கு மறக்காமல் ஒன்று.

கடைசி நாள் வாகனத்தில் ஏறும்போது நீங்கள் சொன்ன சொல் மனதைச் சுட்டது. ஆனாலும் உங்களை மன்னித்துவிட்டேன்.

அன்புத் தங்கை,
பிறிஜெற்

கொட்டாஞ்சேனை,
5 ஒக்ரோபர் 1997

அன்புள்ள பிறிஜெற்,

கடிதமும் பார்சலும் கிடைத்தன. நீ மன்னித்ததில் சந்தோஷம். மன்னிப்புக் கேட்ட ஞாபகம்தான் எனக்கு இல்லை. "பெட்டி கட்டுற நேரம் பிள்ளையளுக்கு வாக்குக் குடுக்காதே" என்றுதான் சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

நீங்கள் போன அடுத்த திங்கட்கிழமை என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகள் குளித்து, தலைசீவி, அந்த மஞ்சள் சட்டைகளோடு கொட்டகைக்கு வந்து குந்தியிருந்தார்கள். முடிந்துவிட்டதென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மத்தியானம் ஆகியும் எழும்பவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். நான் போய்த்தான் கலைத்துவிட்டேன். நாய்க்குட்டிகளைக் கலைப்பதுபோல் இருந்தது.

"றேச்சல் அக்கா எப்ப வந்து கூட்டிக்கொண்டு போவா?" என்று இமெல்டா கேட்கிறாள். "எங்களோட கனடாவுக்கு வாறியா" என்று கேட்டாயாமே. அவள் ஓம் என்றாளாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டுக் கேள்வி இல்லை.

நான் பிறந்து வளர்ந்த வீடு, நீயும் பிறந்து வளர்ந்த வீடு, கழிவறை சரியில்லை என்று வெள்ளவத்தையில் கடல் பார்த்த அறை எடுத்தீர்கள். அதைக்கூட நான் மனதில் வைக்கவில்லை. தினமும் காலையில் குளிரூட்டிய வாகனத்தில் வந்து, பாட்டுச் சரியாக வரவில்லை என்று அந்தப் பிள்ளைகளை இரண்டாம்முறை பாடச் சொல்லி நோபேட் படம் எடுத்ததுதான் மனதில் நிற்கிறது. இரண்டாம்முறை பாடி முடியும்வரை பிஸ்கற்றைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சஞ்சிகைகளைக் கொடுத்தாகிவிட்டது. ஐறீன் இறால் உரிக்கும் கொம்பனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்துதான் தொட்டாள். முகப்பில் தன்னையும் மகளையும் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு அக்கா?" என்று கேட்டாள். "பிள்ளை உங்களைப் பற்றி நல்லாத்தான் எழுதியிருக்கிறாள்" என்றேன். முகப்பையும் கட்டுரைப் பக்கத்தையும் கழற்றிச் சோற்றைப் பசையாக்கிப் பலகைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

மெற்றில்டா

கொட்டாஞ்சேனை,
27 ஒக்ரோபர் 1997

பிறிஜெற்,

இந்தக் கடிதத்தைக் கிடைத்த உடனே வாசி. நோபேட்டோடும் இருந்து வாசி.

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்து எட்டாம் நாள் பொலிஸ்காரர் மட்டக்குளியைச் சுற்றிவளைத்தார்கள். விடிய ஐந்து மணி. ஐறீனிடம் எல்லாம் சரியாக இருந்தது: மன்னாரிலிருந்து வர எடுத்த அனுமதிப் பாஸ், பொலிஸ் பதிவு, கொம்பனிக் கடிதம். பார்த்துவிட்டுப் போகத்தான் திரும்பினார்களாம். அப்போது ஒரு பொடிப் பொலிஸ்காரன் சுவரில் இருந்த படத்தைக் கண்டு, "மே ஒயாத?" என்று கேட்டிருக்கிறான், இது நீயா என்று. இவள் சிரித்துக்கொண்டே, "ஒவ் சேர், மகே துவ" என்று மகளையும் முன்னால் இழுத்துக் காட்டியிருக்கிறாள்.

அவனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். விரலை வைத்து வரி வரியாக வாசித்தானாம். வாசித்து முடிந்ததும் பெரியவனைக் கூப்பிட்டானாம்.

அந்த வரியை உனக்குத் தமிழில் எழுதுகிறேன். "ஐறீன் நான்கு மாதம் புலிகளுக்குச் சமைத்துக் கொடுத்தார். அதைச் சொல்லி அழுதார். நாங்கள் அவரை மன்னித்து ஜெபித்தோம்." ஐறீன் அன்று சொன்னது இது: "புருசன் கடல்ல செத்தாப் பிறகு நாலு மாசம் அவங்களுக்குச் சமைச்சனான். சமைக்காட்டி பிள்ளைக்கு அரிசி இல்லை எண்டாங்கள். இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்கோ அக்கா." எல்லாவற்றையும் நான் இங்கிலீஷில் சொன்னேன். உன் மகள் முதல் வரியை மட்டும் எழுதினாள்.

அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். இமெல்டா என்னிடம் இருக்கிறாள். வந்த நாளிலிருந்து ஒரு சொல் பேசவில்லை.

என்னோடு கந்தோரில் வேலை செய்த ஸமீமின் மகன் ஸவாஹிர் இப்போது புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. அவரிடம் ஓடினேன். அந்தப் பக்கத்தைத் தவிர அவளுக்கு எதிராக ஒன்றும் இல்லையாம். பதினான்கு வயதுப் பிள்ளை, தமிழ் தெரியாதவள், பிழையாக விளங்கி எழுதிவிட்டாள் என்று நீங்கள் அங்கே ஒரு சத்தியக்கடதாசி முடித்து, சபையும் ஒரு கடிதம் கொடுத்தால், சட்டமா அதிபரிடம் வைத்துக் கேட்கலாம் என்கிறார். ஒரு தாளில் நாலு வரி. வேறொன்றும் கேட்கவில்லை.

மெற்றில்டா

ஸ்காபறோ,
20 நவம்பர் 1997

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. றேச்சல் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு அழுகிறாள். சபையில் ஐறீனுக்காகச் சங்கிலி ஜெபம் வைத்திருக்கிறோம். இருபத்துநான்கு மணித்தியாலமும் யாராவது ஒருவர் முழங்காலில் நிற்கிறார்கள்.

சத்தியக்கடதாசி பற்றிப் பாஸ்ரரிடம் கதைத்தோம். அக்கா, கோபப்படாமல் வாசியுங்கள். றேச்சல் எழுதியது பொய் இல்லை. அந்த மனுஷி சொன்னதைத்தான் எழுதினாள். நடந்ததை நடக்கவில்லை என்று நான் சத்தியம் பண்ணினால் அது பொய்ச்சாட்சி. அதைவிட, அந்தச் சாட்சியைக் கேட்டு எத்தனையோ பேர் மனம் திரும்பியிருக்கிறார்கள். இப்போது அது பொய் என்றால் அவர்களுடைய விசுவாசம் என்னவாகும்? நோபேட் மூப்பராக வரவேண்டியவர். என் மகள் ஒரு பொய்க்காரி என்று நானே கையெழுத்து வைக்கவேண்டுமா? அவள் வாழ்நாளெல்லாம் அதைச் சுமப்பாள்.

உண்மை விடுதலையாக்கும் என்று நம்புகிறேன். நீதவானிடம் முழுக் கதையையும் சொல்லச் சொல்லுங்கள். அரிசிக்காகச் சமைத்தேன் என்று சொன்னால் யாருக்கும் இரக்கம் வரும்.

இன்னொன்று. சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்களுக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ். முப்பத்தொரு வருடம் கப்பல் கொம்பனியில் ரைப்பிஸ்ற். அந்தப் பக்கத்தை நீங்கள் வாசிக்காமலா கொடுத்தீர்கள்?

பிறிஜெற்

கொட்டாஞ்சேனை,
18 ஜனவரி 1998

பிறிஜெற்,

வாசித்தேன். பார்சல் உடைத்த அன்றே வாசித்தேன். அந்த ஒழுங்கையில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நினைத்துக் கொடுத்தேன். அந்த வரியை ஒரு பேனையால் அடித்திருக்கலாம். உன் மகள் எழுதியதை அசிங்கப்படுத்தினேன் என்று நீ பிறகு குறை சொல்வாய் என்று விட்டுவிட்டேன். இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியாகிவிட்டது.

நீதவானிடம் முழுக் கதையையும் சொல்லச் சொன்னாய். நீதவானுக்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். எப்படிச் சொல்லவைத்தார்கள் என்று நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். இப்போது மறியற்சிறையில் இருக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை இமெல்டாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பத்துத் தாய்மார், இந்தப் பக்கம் பத்துக் குடும்பம், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஐறீன் கத்துவதில்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பிள்ளையைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். கார்த்திகை கடைசியில்தான் பேச்சு வந்தது. முதல் சொல் என்ன தெரியுமா? "அந்தப் படத்தை நான்தான் ஒட்டச் சொன்னனான்."

உன் சங்கிலி ஜெபத்தில் முழங்காலில் நிற்கிறவர்கள் ஒருமுறை எழுந்து, ஒரு பேனை எடுக்கட்டும். இன்னொருமுறை கேட்கிறேன். நாலு வரி.

மெற்றில்டா

ஸ்காபறோ,
9 மார்ச் 1998

அன்புள்ள அக்கா,

பாவசங்கீர்த்தனம் பாதருக்குச் சொல்கிறது. அந்தப் பிள்ளைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நாங்கள் ஒரு வழி கண்டிருக்கிறோம்.

இமெல்டாவைத் தத்தெடுக்க முடிவு செய்துவிட்டோம். பல நாள் ஜெபித்தபின் நோபேட்டுக்கு ஒரு தெளிவு வந்தது. தாயைக் காப்பாற்ற எங்களால் முடியாவிட்டாலும் பிள்ளையைக் காப்பாற்றலாம். றேச்சலின் அறையில் இரண்டாவது கட்டில் போட்டாயிற்று. சபையார் குளிர்ச்சட்டைகள் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். ஒருவேளை இதற்காகத்தான் எல்லாம் நடந்ததோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

படிவங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். தாயின் கையெழுத்து மூன்று இடத்தில் வேண்டும். பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறேன். நீங்கள் அடுத்தமுறை போகும்போது வாங்கிவிடுங்கள். எப்போது வெளியே வருவாள் என்று தெரியாத தாய்க்கு இதைவிட என்ன ஆறுதல் இருக்க முடியும்?

பிறிஜெற்

கொட்டாஞ்சேனை,
11 மே 1998

பிறிஜெற்,

உன் படிவங்களைக் கொண்டுபோனேன். கொண்டுபோகாமல் விட்டிருக்கலாம். கேட்காமலே நான் மறுத்தேன் என்று நீ சொல்லக்கூடாது என்றுதான் போனேன்.

காவல்காரி தாளை அங்கே கொடுத்தாள். ஐறீன் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தமுறை என்ன எழுதியிருக்கு அக்கா?" என்று கேட்டாள். போன முறை சொன்னதுபோல் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. உள்ளதைச் சொன்னேன். பிறிஜெற் உங்கட பிள்ளையைத் தத்தெடுக்கக் கேட்கிறா, நீங்கள் கையெழுத்து வைத்தால் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போவினம் என்று.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. "அவவுக்கு ஒரு பிள்ளை இருக்குத்தானே?" என்றாள்.

"ஓம்."

"அப்ப அது காணும்."

தாளை நாலாக மடித்துக் காவல்காரியிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் அவவுக்காகத்தான் வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

உன் படிவங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இமெல்டா கோயிலில் பாதரிடம் முதல் நன்மை வாங்கிய படமும் இருக்கிறது. வகுப்பில் மூன்றாம் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் வாசலிலிருந்தே "அன்ரி" என்று கத்திக்கொண்டு வருவாள். போன கிழமை வாய்தவறி "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள்.

மெற்றில்டா

ஸ்காபறோ,
26 ஜூலை 1998

அக்கா,

படம் கிடைத்தது. நல்ல வெள்ளைச் சட்டை. நீங்கள்தான் தைத்தீர்களா?

நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை அல்ல, பக்கத்தில் நிற்கிற உங்களை. நீங்கள் சிரிக்கிறீர்கள். அம்மா செத்த பிறகு, ஏன், அதற்கு முன்பும், உங்களை அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நாங்கள் பிள்ளையைத் திருடப் பார்க்கிறோம் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்குக் கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை. அறுபது வயதில் வீட்டுக்குள் ஒரு பிள்ளை வந்திருக்கிறது. வாய்தவறி "அம்மா" என்றாள் என்று எழுதினீர்கள். திருத்தினேன் என்று எழுதவில்லை.

இதை நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் யோசியுங்கள்.

இனி இந்த விஷயத்தில் எங்களுக்கு எழுத வேண்டாம் என்று நோபேட் சொல்கிறார். றேச்சலைச் சிறுவர் மனநல வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறோம். உங்கள் கடித உறையைக் கண்டாலே அறைக்குள் ஓடிப் பூட்டிக்கொள்கிறாள். அடுத்த கோடைக்குச் சபை மெக்சிக்கோவுக்குப் போகிறது. இலங்கையில் பாதுகாப்பில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

பிறிஜெற்

கொட்டாஞ்சேனை,
17 ஜனவரி 1999

பிறிஜெற்,

எழுத வேண்டாம் என்றாய். இது கடைசி. நோபேட்டுக்குக் காட்டத் தேவையில்லை.

ஐறீனை இம்மாதம் எட்டாந் திகதி விட்டார்கள். நீ கையெழுத்து வைக்காமலே விட்டார்கள். மொழிபெயர்த்தவள் நான், பிழை என்னுடையது என்று கார்த்திகை மாதம் சத்தியம் பண்ணினேன். அவள் சொன்னது மீனவர் சங்கத்துக்குச் சமைத்ததை, எனக்குக் காது மந்தம், இங்கிலீஷும் அரைகுறை, பிள்ளைக்கு மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொன்னேன். முப்பத்தொரு வருடம் கந்தோரில் ஒரு எழுத்துப் பிழை விடாதவள். அரச தரப்பு வக்கீல் ஒரு இங்கிலீஷ் தாளைத் தந்து வாசிக்கச் சொன்னார். தடக்கித் தடக்கி வாசித்தேன். நீதிமன்றத்தில் சிரித்தார்கள். அவள் கையெழுத்து வைத்த சிங்களத் தாளையும், வாசிக்கத் தெரியாமல் வைத்தது என்று ஸவாஹிர் தள்ளவைத்தார். பிறகு இரண்டு நாள் என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். கதிரை தந்தார்கள், கிழவி என்று. அவ்வளவுதான்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பிடித்துக்கொண்டு போன அந்தக் கிழமையே ஸவாஹிர் இரண்டு வழி சொன்னார். "எழுதின பிள்ளை சொல்லலாம். இல்லாட்டி, மிஸ், மொழிபெயர்த்த நீங்க சொல்லலாம். ஆனா உங்களையும் உள்ளுக்குப் போடப் பார்ப்பாங்க" என்றார். முதலாவதை மட்டும் உனக்கு எழுதினேன். பயம். தை மாதம் வரைக்கும் அது பயம்தான். அதற்குப் பிறகு பயம் இல்லை. ஸவாஹிர் மூன்று முறை ரெலிபோன் எடுத்தார். பிள்ளைக்குப் பரீட்சை, முதல் நன்மை, காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலு வரி, நாலு வரி என்று உன்னைப் பேசிக்கொண்டு அந்த நாலு வரியை என் நாக்குக்குக் கீழே ஒரு வருடம் வைத்திருந்தேன். உன் ஆடிக் கடிதம் வந்தது. கிழித்துப்போட்டேன். கிழித்த பிறகும் நாலு மாதம் எடுத்தது.

ஐறீன் பிள்ளையைக் கூட்ட ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கம்பி வலை இல்லாமல் பார்க்க எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இமெல்டா எனக்குப் பின்னால் போய் நின்றாள். "இஞ்ச வா பிள்ளை" என்று தாய் கூப்பிட, என்னை நிமிர்ந்து பார்த்தாள், போகவா என்று கேட்கிறமாதிரி. அதை ஐறீன் கண்டாள்.

பூசைக்குப் போகிற நேரம். பிள்ளைக்குத் தலை இன்னும் இழுத்துப் பின்னவில்லை. தினமும் காலையில் நான்தான் இரண்டு பின்னல் போட்டுவிடுவேன். "நான் பின்னுறன்" என்று ஐறீன் கதிரையில் இருந்துகொண்டு மகளை முன்னால் இருத்தினாள். மயிரை மூன்றாகப் பிரித்தாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. மறுபடி பிரித்தாள். மறுபடியும் கையிலிருந்து வழுகி விழுந்தது. மூன்றாம்முறை பிள்ளைக்கு நொந்துவிட்டது.

"அன்ரி பின்னட்டும்" என்றாள்.

ஐறீன் கையை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "வீட்டில கத்திரிக்கோல் இருக்கோ அக்கா?" என்று கேட்டாள்.

தையல் பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். இடது கையால் வெட்டினாள். சரியாக வெட்டவரவில்லை, கடித்துக் கடித்து வெட்டியது. காதுக்கு மேலே ஏற்ற இறக்கமாக நின்றது. பிள்ளை சத்தமில்லாமல் அழுதாள். நானும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

"இனிப் பின்னத் தேவையில்லை" என்றாள் ஐறீன். கத்திரிக்கோலைத் துடைத்து மேசையில் வைத்தாள். "ஒரு வருசம் பிந்தினது எனக்குத் தெரியும் அக்கா. அந்த வக்கீல் தம்பி சொன்னவர். பிள்ளையைப் பார்த்ததுக்கு நன்றி. எங்களைத் தேடி வராதீங்கோ."

வவுனியா அகதி முகாமுக்குப் போகிறார்களாம். பிள்ளையின் சட்டைகள் இருந்த பையை எடுக்கவில்லை. ஒழுங்கை முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இமெல்டா ஒரு கையால் தலையைத் தடவிக்கொண்டே போனாள். மற்றக் கையால் தாயின் அந்த மடங்காத விரல் இரண்டையும் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மெற்றில்டா